பதினோரு நிமிடக் கோர்ட்டு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இளைக்கவில்லை. நீ கேட்கப்போகும் மூன்றுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிட்டேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டைப்ரைட்டர் முன்னால் உட்காரும்போது இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்திருக்க மாட்டாய்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்காக இல்லை. எங்கள் வண்டி ஷெட்டில் ஒருத்தன், என்னைப் போலவே டிரைவர், என்னைப் போலவே சட்டைக் கையில் பதவிக்கான ஒற்றைப் பட்டை. போன மாதம் இருபது சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கச் சொல்லி எங்கள் தலைமை அதிகாரி உத்தரவு போட்டார். அவரை நாங்கள் பெரியவர் என்றுதான் சொல்வோம். இவன் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, பிரேக் சரியில்லை, எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பெரியவர் எல்லார் முன்னாலும் இரண்டாம் தடவை சொன்னார். இவன் சாவியை வண்டியின் பானெட்மேல் வைத்துவிட்டு நின்றான். உத்தரவை மீறியதாக வழக்கு.

இங்கே ராணுவத்தில் இரண்டு கோர்ட்டு உண்டு. சின்னக் கோர்ட்டு என்றால் பெரியவர் ஒருத்தரே மேசை போட்டு உட்கார்ந்து, அவரே விசாரித்து, அவரே தீர்ப்பு சொல்வார். வக்கீல் கிடையாது. நண்பன் ஒருத்தன் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. தொண்ணூறு நாள் காவலறையில் வைக்கலாம், பட்டையைப் பிடுங்கலாம், அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்ப முடியாது. பெரிய கோர்ட்டு என்றால் வெளியிலிருந்து மூன்று அதிகாரிகள் வருவார்கள். வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தோற்றால் இரண்டு வருஷம் ஜெயில், வேலையும் போய்விடும். எது வேண்டுமென்று அவனே எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டாம் தேதிவரை நேரம்.

நீ தினமும் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து ஊருக்கே மனு அடித்துக் கொடுக்கிறாய். நீ என்ன சொல்வாய்? பயல் சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு எழுதவும் பயப்படுகிறான்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா உயிரோடுதான் இருக்கிறேன். தலையணை வைத்தால் தூக்கம் வருகிறது, தூக்கம் வந்தால் எழுத்துப்பிழை வருகிறது. ஆகவே முதுகுவலியே மேல். நீ சாப்பிடுவதாக எழுதியதில் பாதியை நம்புகிறேன்.

உன் சிநேகிதன் விஷயம். இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா? சின்னக் கோர்ட்டுக்கே போகச் சொல். இங்கே நான் தினம் பார்க்கிறேன். "நான் செய்யல, நான் செய்யல"ன்னு குதிக்கிறவன் வாய்தா வாய்தாவாக நடந்து செருப்பைத் தேய்க்கிறான். ஒப்புக்கொண்டவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறான். அப்புறம், பிரேக் சரியில்லையாம்! சிக்னலைத் தாண்டி மாட்டிக்கொள்கிற அத்தனை பேரும் என் மேசைக்கு வந்து இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். தம்பி, அவன் செய்திருப்பான். பயந்திருப்பான், இல்லாவிட்டால் திமிர். எதுவாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தொண்ணூறு நாளைத் தள்ளிவிடச் சொல்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். காலையில் மேசையைப் போட்டதும் இதில் முப்பது அடித்து அடுக்கிவிடுவேன். பெயருக்கும் குற்றத்துக்கும் மட்டும் இடம் விட்டிருப்பேன். கூட்டம் வந்தால் நிரப்பிக் கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்ப வேண்டியதுதான். அதைப் பார்த்து அப்படியே அவனை எழுதச் சொல். கடைசி இரண்டு வரியை விடவே கூடாது. அதைப் படித்தால்தான் தீர்ப்பு சொல்கிறவர் மனசு குளிரும்.

நீ இதில் மூக்கை நுழைக்காதே. நண்பன் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடாதே. உனக்கு எதற்கு வம்பு?

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் இன்னும் நீதான் என்று நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர் கேன் போடுகிறவர். அவரும் வாரம் ஒரு தடவைதான் வருகிறார்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

கடிதமும் தாளும் வந்தன. நீ எழுதியதை அவனிடம் சொன்னேன். தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க அக்கா நல்லா எழுதுறாங்க"ன்னு சொன்னான். நாளைக் காலை சின்னக் கோர்ட்டு.

இனிமேல் கொஞ்ச நாளைக்கு என்னிடமிருந்து கடிதம் குறைவாக வரும். வேலை அதிகம். அதற்காக அதையும் இதையும் நினைத்துக்கொண்டு உட்காராதே. இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் சிநேகிதனுக்கு என்ன ஆயிற்று? எத்தனை நாள் கொடுத்தார்கள்? என் தாள் பலித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா நான்? பக்கத்து மேசை வக்கீலம்மாவிடம் பெருமையடித்திருக்கிறேன், என் எழுத்து இப்போது ராணுவத்துக்கே போகிறது என்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. "ராணுவக் கோர்ட்டு எனக்குத் தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டார். பொறாமை.

உன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். லீவு எப்போது?

அக்கா


ஏப்ரல் 21

தம்பி,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பதில் சொல்கிறவனாக இருந்தால் கேட்கலாம்.

ஏழு வருஷத்தில் நீ ஐந்து வாரம் எழுதாமல் இருந்ததே இல்லை. வேலை அதிகம் என்றால் ஒரு கார்டில் "வேலை அதிகம்" என்று எழுத எவ்வளவு நேரமாகும்? நேற்று ஒரு ராணுவக்காரர் வீட்டுப் பத்திரம் அடிக்க வந்தார். அவரை நிறுத்தி வைத்து உன் படைப்பிரிவு எண்ணைச் சொல்லி, அங்கே ஏதாவது கலவரமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் விரிப்பை மடித்துவிட்டு, மறுபடி விரித்தேன். வேறு வேலை இல்லை எனக்கு.

எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இங்கே வெயில் அதிகமில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. அந்த டிரைவருக்குத் தொண்ணூறு நாள், பட்டையும் போயிற்று. நன்றாக இருக்கிறான். லீவு இப்போது கிடையாது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உன் தம்பி


மே 3

அக்காவுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பியோடு ஒரே அறையில் இருக்கும் மெக்கானிக். கிரீஸ் என்றுதான் என்னை எல்லாரும் கூப்பிடுவார்கள். தாளில் கறை இருந்தால் மன்னிக்கவும், மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அக்கா, அந்த டிரைவர் வேறு யாரும் இல்லை. உங்கள் தம்பிதான். மார்ச் பதினெட்டிலிருந்து காவலறையில் இருக்கிறான். அங்கிருந்து மாதம் இரண்டு கடிதம், ஒரு பக்கம்தான் எழுத விடுவார்கள், அதையும் காவல்காரர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். "அக்காவுக்குத் தெரிஞ்சா நீ செத்த"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். நான் சத்தியத்தை மீறுகிறேன். என்மேல் வழக்குப் போடட்டும்.

பிரேக் போனது உண்மை. அன்று காலையில் நான்தான் அவனிடம், "மாப்ளே, இந்த வண்டி சமதரையில போகும், இறக்கத்துல போனா சொர்க்கத்துக்குத்தான் போகும்"னு சொன்னேன். வண்டிப் புத்தகத்திலும் எழுதினேன். சாயங்காலம் பிரேக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அதை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கோர்ட்டு நாளன்று அந்தப் பையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், சாட்சி சொல்ல. என்னைக் கூப்பிடவே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சியைக் கேட்க வேண்டியதில்லையாம். பெரியவர் அவன் எழுதிக் கொடுத்ததைச் சத்தமாகப் படித்து, "நல்லா எழுதியிருக்கியே"ன்னு பாராட்டினாராம். பதினோரு நிமிடம். என் கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு சக்கரம் மாற்றவே எனக்கு அதைவிட நேரமாகும்.

தீர்ப்பின் நகல் ஒன்றை, அவன் எழுதிக் கொடுத்த தாளின் நகலோடு சேர்த்து அவனுக்குக் கொடுத்தார்கள். கசக்கி என் பெட்டியில் போட்டுவிட்டான். நீவி உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் கோர்ட்டு வாசலில் இருப்பதாக அவன் பெருமையாகச் சொல்வான். இதில் ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். அறுபது நாளுக்குள் மேலிடத்துக்கு மனு போட வேண்டுமாம், வீட்டாரும் போடலாமாம். நாற்பத்தாறு நாள் போய்விட்டது.

இப்படிக்கு,
கிரீஸ்


மே 11

தம்பி,

இதைக் காவல்காரர் படித்தாலும் படிக்கட்டும்.

அந்த நகலை என் மேசையில் வைத்துத்தான் பிரித்தேன். நீ எழுதிக் கொடுத்ததன் முதல் வரியைப் படித்ததுமே அது என் தாள் என்று தெரிந்துவிட்டது. "குற்றத்தை முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத்தின் பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. எந்தத் தீர்ப்பானாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்." உன் கையெழுத்தில் என் வாசகம். கமா, புள்ளிகூட மாறவில்லை. பக்கத்தில் முப்பது தாள் அடுக்கி வைத்திருக்கிறேன், அதிலும் அதே வாசகம்.

அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. வரிசையில் நின்ற ஒருத்தர், "என்னம்மா, அப்புறம் வரட்டுமா?"ன்னு கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வக்கீலம்மா வந்து நகலை வாங்கிப் படித்தார். "புகார் யாரோடது? யாரோட உத்தரவை மீறினான்?"

"பெரியவரோடது."

"தீர்ப்பு சொன்னது?"

"அவரேதான்."

"அடப்பாவமே! தன் உத்தரவை மீறினான்னு தானே சொல்லிட்டு, தானே தனியா உக்காந்து தீர்ப்பும் சொன்னாரா? அதுக்கு எங்கேயும் அதிகாரம் இருக்காதே. இரு, நான் பார்த்துட்டு வரேன்"னு சொல்லிவிட்டு உள்ளே நூலகத்துக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தூசியோடு வந்தார். உங்கள் ராணுவச் சட்டத்திலேயே இருக்கிறதாம். தன் சொந்த உத்தரவை மீறிய வழக்கைத் தலைமை அதிகாரி சின்னக் கோர்ட்டில் தானே விசாரிக்கக் கூடாதாம்.

"ஆனா இவன் ஒப்புக்கிட்டு எழுதிக் குடுத்துட்டானே. மேலே போக மாட்டேன்னும் எழுதிட்டானே. அது நான்தாங்க எழுதினேன்"னு சொன்னேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ எழுதினா என்ன, யார் எழுதினா என்ன? அந்தக் கோர்ட்டுக்கு இல்லாத அதிகாரத்தை இவன் கையெழுத்து போட்டுக் குடுத்துட முடியுமா?"

மனுவை நானே அடித்தேன். பொன்னான நேரம் எல்லாம் அதில் இல்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? நீ என்று தெரிந்திருந்தால் நான் அப்படி எழுதியிருப்பேனா?

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இப்போது உண்மையைச் சொல்கிறேன். இந்த அறை எட்டடிக்கு ஏழடி. ஜன்னலில் வண்டி ஷெட்டின் பின்சுவர் தெரியும். வண்டிச் சத்தத்தை வைத்து எந்த வண்டி, யார் ஓட்டுகிறார்கள் என்று கண்டுபிடிப்பேன். பேச ஆள் கிடையாது. காவல்காரர் நல்லவர்தான், ஆனால் பேசினால் அவருக்கும் தண்டனை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். நான் பெரிய கோர்ட்டு கேட்பதாகத்தான் இருந்தேன். கிரீஸும் பையைத் தயாராக எடுத்து வைத்திருந்தான். உன்னிடம் கேட்டது, நீ "போடா, போய் உள்ளதைச் சொல்லு" என்று ஒரு வரி எழுதுவாய் என்றுதான். நீ "அவன் செய்திருப்பான்" என்று எழுதினாய். என் அக்காவே அப்படி நினைத்தால், முகம் தெரியாத மூன்று அதிகாரிகள் எப்படி நம்புவார்கள்? அதனால்தான் தாளைப் பார்த்து எழுதினேன்.

நான் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பாயா என்று கேட்கிறாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை அக்கா. அது நான் இல்லாமல் வேறொருத்தனாகவே இருந்திருந்தால்? அப்போது நீ எழுதியது சரியாகிவிடுமா? அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாளே.

பக்கம் முடிந்துவிட்டது.

உன் தம்பி


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியே வந்துவிட்டேன். எழுபத்தொன்பதாம் நாள். மூன்று கிலோ இளைத்திருக்கிறேன், இனிமேல் இதையெல்லாம் மறைக்கப்போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி குறைந்ததா?

உன் மனுவுக்கு மேலிடத்திலிருந்து ஒன்றரைப் பக்கத்தில் உத்தரவு வந்தது. அந்த வழக்கை விசாரிக்கச் சின்னக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை, ஆகவே தீர்ப்பு செல்லாது. பெரியவர் அதை முகத்தைத் தூக்காமல் படித்தார். கிரீஸ் பட்டையைத் தைத்துக் கொடுத்தான், கோணலாக. எழுபத்தொன்பது நாளைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கும் கிடையாது போல.

ஆனால் இதோடு முடியவில்லை. அந்த விசாரணை செல்லாது என்றால் விசாரணையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தமாம். வழக்கு அப்படியே இருக்கிறது. பெரிய கோர்ட்டில் வைக்கலாம், இல்லையென்றால் வேறொரு அதிகாரியின் சின்னக் கோர்ட்டில். முன்பு போலவே ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவதாக ஒருத்தர் ஜாடையாகச் சொன்னார். பெரிய கோர்ட்டில் தோற்றால் இரண்டு வருஷம், வேலையும் போகும். அது மாறவில்லை.

இந்தத் தடவை உன்னிடம் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே வரி: "பெரிய கோர்ட்டு வேண்டும், நான் குற்றம் செய்யவில்லை." விசாரணை ஜூலை மூன்றாம் தேதி. பயமாக இருக்கிறது.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலி இருக்கிறது. தலையணை வைத்துக்கொண்டேன். நிஜமாகவே.

உன் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். மூன்று தடவை தாளை மாட்டி மூன்று தடவையும் உருவி எறிந்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு வார்த்தை அடித்துக் கொடுக்கிறவளுக்கு, சொந்தமாக ஒரு வரி வரவில்லை. நீ கேட்டதற்குப் பதில்: சரியாகாது. வேறொருத்தனாக இருந்தாலும் நான் எழுதியது தப்பு. மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கலாம். மற்றவர்களை எங்கே போய்த் தேடுவேன்?

அந்த முப்பது தாளையும் கிழித்துவிட்டேன். காலையில் அடித்து அடுக்குவதையும் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை ஒருத்தர் வந்தார், காய்கறி வண்டியை நடைபாதையில் நிறுத்திய வழக்கு. "எங்கேம்மா கையெழுத்து போடணும்?"னு பேனாவை எடுத்துவிட்டார். "இருங்க. நீங்க செஞ்சீங்களா?"ன்னு கேட்டேன். அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "இத யாரும் கேக்கலையேம்மா"ன்னு சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் நின்ற நாலு பேர் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் இருக்கிறது. ஆனாலும் உன் ஒரு வரியை நான் அடித்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

பெரிய கோர்ட்டில் வெளியாட்கள் உட்காரலாம் என்று வக்கீலம்மா சொன்னார். இரண்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மேசைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். எனக்குப் பேச அனுமதி இருக்காது, தெரியும். பேசமாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே விடும்வரை, வெளியே பெஞ்சில் அந்தத் துணிப்பைக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கும்படி கிரீஸிடம் சொல்.

உன் அக்கா